ராஜகிரியில் ஒரு குடை

காணும் பொங்கலன்று காலை ஐந்தேகாலுக்கு பஸ் ரங்கநாதன் தெரு முனையில் வந்து நின்றது. தெரு வியாபாரிகள் சங்கத்தின் வருடாந்தரச் சுற்றுலா. எல்லாக் கடைகளும் ஒன்றாகக் கதவடைக்கும் நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். போன வருஷம் மகாபலிபுரம் போனார்கள். இந்த வருஷம், எழுபத்து நாலில், செஞ்சிக் கோட்டை.

தங்கபுஷ்பம் கோட்டையைப் பார்க்க வரவில்லை. ஜவஹர் மலை ஏறுகிறானா என்று பார்க்க வந்திருந்தாள்.

ஜவஹர், உஸ்மான் ரோட்டுப் பாத்திரக் கடைக்காரரின் மகன். அவள் தங்கை பங்கஜத்துக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை. தை இருபத்தைந்தில் நிச்சயம். பெண் பார்க்க வந்த அன்று தங்கபுஷ்பம் அடுப்பங்கரையில் இருந்தாள். அவர்கள் வீடு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. மாப்பிள்ளை வீட்டார் படியேறும் சத்தம் கேட்டது. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகும் ஒரு ஜோடிக் கால் மட்டும் வரவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் அது நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகுதான் ஜவஹர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"செருப்பு வார் அந்துட்டு" என்றாள் அவன் அம்மா வேம்பு.

அவர்கள் காபி குடிக்கும் நேரத்தில் தங்கபுஷ்பம் வாசலுக்குப் போய்ச் செருப்புகளைப் பார்த்தாள். எந்த வாரும் அறுந்திருக்கவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. தாலி கட்டிய பதினோராம் நாள் அவன் சாப்பாட்டுத் தட்டின் மேல் விழுந்தபோது தெரிந்தது. நாலாம் வருஷம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அப்பா சாத்தான்குளத்துக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் திரும்பினார். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் போய்விட்டது. கடைக்கு வரும் பீஸ்களை வெளிச்சத்தில் பிடித்து இழை பார்ப்பது அவள் வேலை. அவள் விரல் தாண்டி ஒரு பழுது கடைக்குள் போனதில்லை.

துணி அளவுக்கு ஆட்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு வருஷம் முன்பு பங்கஜத்துக்கு வேறொரு இடம் வந்தது. பையன் வியாழக்கிழமைதோறும் ராயப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போகிறான், நிச்சயம் தொடுப்புதான் என்று தங்கபுஷ்பம் ஆள் விட்டுப் பார்த்துச் சொன்னாள். அப்பா சம்பந்தத்தை முறித்தார். பிறகு தெரிந்தது, பையன் அங்கே இந்தி படிக்கப் போயிருக்கிறான். பம்பாய் ஏஜெண்டுகளிடம் பேசத் தோதாக இருக்கும் என்று, தெருக்காரர்களுக்குத் தெரியாமல். இப்போது சைதாப்பேட்டையில் பெண்டாட்டி பிள்ளையோடு நன்றாக இருக்கிறான்.

அதனால் செருப்பு வாரைப் பற்றி அவள் வாயெடுத்ததும் அப்பா கையை உயர்த்தினார்.

"சந்தேகத்த எங்கிட்டக் கொண்டுவராத. நேர்ல பாத்தத மட்டும் சொல்லு. சங்கத்து பஸ்ல அவங்களும் வாராவ. மல ஏறுத எடம். போய்ப் பாரு. கோளாறு இருக்குன்னு நீ சொன்னா அன்னிக்கே நிறுத்திருதேன். இல்லன்னா இந்தப் பேச்சு இத்தோட சரி."

பஸ்ஸில் பாதிக்கு மேல் ஆள் நிறைந்திருந்தது. வேம்பு முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"தங்கம், எம் மருமகள ஜன்னல் ஓரமா உக்கார வையி. வாந்தி வந்தா எஞ் சேலையில எடுத்துரப் போறா."

"அவளுக்கு வாந்தியெல்லாம் வராது அத்தை. நல்ல ஒடம்பு" என்றாள் தங்கபுஷ்பம். நல்ல ஒடம்பு என்பதைச் சற்று அழுத்திச் சொன்னாள்.

வேம்பு முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைசியாக ஜவஹர் ஏறினான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. பின்னால் அவன் அத்தை மகன் அய்யாதுரை.

"தை மாசத்துல என்னத்துக்குப்பா குடை?" என்று யாரோ கேட்டார்கள்.

"வெயில் பட்டா மாப்பிள்ளைக்குக் கலர் போயிரும் அண்ணாச்சி" என்றான் அய்யாதுரை. "சாயம் கெட்டியில்ல."

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜவஹரும் சிரித்தான். தங்கபுஷ்பம் அந்தக் குடையையே பார்த்தாள். ஊன்றிக்கொள்ளக் கைத்தடி எடுத்துவந்தால் கேள்வி வரும். குடை என்றால் கேலியோடு போய்விடும்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். ஜவஹர் கடைக்குப் பின்புறம் ஒதுங்கிப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். அவள் வேம்புவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி என்னமோ மாத்திரை போடுதாப்ல இருக்கு."

"வயித்துக்கு. பொங்கல்னு நாலு நாளாக் கரும்பும் வெண்கலப்பான சோறுமாத் தின்னா?"

ஐந்து நிமிஷம் கழித்து ஜவஹர் இரண்டு மெதுவடையைச் சாம்பாரில் ஊறப்போட்டுச் சாப்பிட்டான். வயிறு கெட்டவன் சாப்பிடும் சாப்பாடு அல்ல அது. தங்கபுஷ்பம் டீயைப் பாதியில் வைத்தாள். பங்கஜம் அந்த மீதியையும் எடுத்துக் குடித்தாள்.

"இன்னிக்காவது மூஞ்சியக் கொஞ்சம் தளத்தேன்க்கா. போலீசு மாதிரி வந்திருக்க."

"ஒனக்காகத்தான் வந்திருக்கேன்."

"தெரியும்."

செஞ்சிக்குப் போகும்போது மணி பத்து. சாலைக்கு ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. பாறைமேல் பாறையை யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் இரண்டு மலைகள். இரண்டின் தலையிலும் கோட்டை. சங்கச் செயலாளர் சிதம்பரநாதன் விசில் ஊதினார்.

"ஆம்பளையெல்லாம் ராஜகிரி. பொம்பளையெல்லாம் கிருஷ்ணகிரி. ரெண்டரை மணிக்கு எல்லாரும் பஸ்ல இருக்கணும்."

தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. புறப்படும்போது இந்தப் பேச்சே கிடையாது.

"இது யாரு சொன்ன யோசனை அண்ணாச்சி?"

"பொம்பளையள்தான் கேட்டாவ. ராஜகிரி செங்குத்து. உச்சிக்குப் போகையில பாதாளத்துக்கு மேல ஒரு பாலம். கீழ பாத்தா தலை சுத்தும்."

"எந்தப் பொம்பளை?"

அவர் அதற்குள் யாருடைய குழந்தையையோ தேடிக்கொண்டு போய்விட்டார். தங்கபுஷ்பம் வேம்புவைப் பார்த்தாள். வேம்பு புளியோதரைத் தூக்கின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ராஜகிரிக்குத்தான் போறேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஆம்பளையளோடயா?" என்றாள் வேம்பு.

"கோயில் இருக்காம்ல. கும்பிட்டுட்டு வாரேன்."

"நீ போக்கா" என்றாள் பங்கஜம். "எனக்கு ரெண்டும் வேண்டாம். நான் பஸ்ல தனியா இருந்துக்கிடுதேன்."

தனியா என்று சொன்ன பிறகு தங்கபுஷ்பத்தால் போக முடியவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணை வெளியூரில் ஒரு டிரைவரோடு விட்டுவிட்டு அவள் எந்தக் கோயிலைக் கும்பிடுவாள்? தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஆண்கள் ராஜகிரி வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஜவஹர் நடுவில் இருந்தான். ஒரு தடவை திரும்பினான். பார்த்தது பங்கஜத்தைத்தான். மாப்பிள்ளை பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள் என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

படிகள் வழுவழுப்பாக இருந்தன. வேம்பு பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் கோட்டையின் நெற்களஞ்சியத்துக்குள் புகுந்து, எதிரொலி கேட்கிறதா என்று பிள்ளைகளைக் கத்தச் சொன்னார்கள். தங்கபுஷ்பம் எங்கும் நிற்கவில்லை. உச்சி மண்டபத்துக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தாள்.

ராஜகிரி தூரத்தில் இருந்தது. ஆட்கள் எள்ளைப்போல் தெரிந்தார்கள். வெள்ளைச் சட்டை இல்லாத வியாபாரி யார்? எல்லா எள்ளும் வெள்ளை எள். அவளுக்குக் கண் வலித்தது. அரைமணி நேரம் நின்றாள்.

"அக்கா" என்றாள் பங்கஜம் பக்கத்தில் வந்து. "அந்தா பாரு. உச்சியில, மதிலுக்கு இடது கைப்பக்கம். குடை."

இருந்தது. கறுப்பாக, உருண்டையாக, ஒரு புள்ளி. அது மதில் ஓரமாக மெல்ல நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. மேலும் கீழும் ஆடியது.

"கையாட்டுதாவ" என்றாள் பங்கஜம். அவளும் முந்தானையை விசிறினாள்.

குடை மடங்கி மறையும்வரை தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவு உயரம் ஏறியவனுக்கு அவர்கள் வீட்டு முப்பத்தாறு படி எம்மாத்திரம்? செருப்பு வார் அறுந்துதான் இருக்கும். எடுத்துக் கோர்த்துப் போட்டிருப்பான். அவளுக்குத் தன்மேல் வெட்கமாக இருந்தது. அதைவிட, பசித்தது. பொட்டலத்தைப் பிரித்து, பங்கஜத்தின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

இறங்கும் வழியில் வேம்புவுக்குக் கைகொடுத்து எழுப்பினாள்.

"மெதுவா வாங்க அத்தை. முட்டுவலி போல."

"என்ன தங்கம், திடீர்னு அனுசரணையெல்லாம்?"

"சும்மாதான்."

அவள்தான் முதலில் பஸ்ஸுக்கு வந்தாள். டிரைவர் நூர் முஹம்மது படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பீடியை அணைத்தார்.

"இன்னாமா, அதுக்குள்ள எறங்கிட்டே?"

"சாப்பிட்டீங்களா பாய்?" என்று கூடுதலாகக் கட்டியிருந்த புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இப்பத்தான் துன்னேன். அந்தத் தம்பி குட்த்தாரு. பாத்திரக்கடைத் தம்பி. நல்ல மன்சன்மா. பெரிய எடம்னு தெரியவே தெரியல, நம்மகூட சமமா குந்திக்கினு துன்றாரு."

"எப்போ?"

"இன்னா எப்போ? காலைலேந்து இங்கதான கீறாரு. அவுங்களோட வாசல் வரைக்கும் போனாரு. குடைய அந்தண்ணன் கைல குட்த்தாரு, அப்டியே திரும்பிட்டாரு. பின்சீட்ல ஒரு தூக்கம். எய்ந்து, என் பொண்ணு எத்தினியாவது படிக்குதுன்னு ஒரு பேச்சு. இப்பத்தான் சோடா குடிக்கப் போய்க்கீறாரு."

தங்கபுஷ்பம் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒடம்பு சரியில்லன்னாரா?"

நூர் முஹம்மது அவள் முகத்தைப் பார்த்தார். எதையோ கொட்டிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நமக்கு அதெல்லாம் தெரியாதுமா. வெயிலுன்னாரு."

அவள் சோடாக்கடைக்குப் போனாள். ஆண்கள் அதற்குள் இறங்கி வந்து கூடியிருந்தார்கள். ஜவஹர் நடுவில் நின்றான். குடை திரும்பவும் அவன் கக்கத்தில் இருந்தது.

"மேல காத்து ஆளையே தள்ளுது" என்று அவன் ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பாலத்துல நிக்க முடியல."

தங்கபுஷ்பம் சட்டைகளைப் பார்த்தாள். அய்யாதுரையின் முதுகில் வேர்வை காய்ந்து உப்புக் கோடு கட்டியிருந்தது. சிதம்பரநாதனுக்குக் கக்கம் இரண்டும் நனைந்து மஞ்சளாகியிருந்தது. எந்தச் சட்டையும் காலையில் இருந்ததுபோல் இல்லை. ஜவஹரின் காலரில் மட்டும் கஞ்சி மொடமொடவென்று நின்றது. இந்த ஒரு விஷயத்தில் அவள் தப்புச் செய்ய வழியில்லை. துணி அவளிடம் பொய் சொன்னதில்லை.

பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி வரவேண்டும். வரவில்லை. குடை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது. எதற்காக? எதிர்மலையில் ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பதற்காக. அதை அவளுக்குக் காட்டியது யார்?

பங்கஜம் சாலை ஓரத்தில் மற்றப் பெண்களோடு கொய்யாப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பஸ் புறப்பட்டது. திண்டிவனம் தாண்டி, பாட்டுப் பாடியவர்கள் களைத்துத் தூங்கும்வரை தங்கபுஷ்பம் காத்திருந்தாள். பிறகு, தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"மலைக்குக் குடைய யாரு கொண்டு போனா?"

"எந்தக் குடை?"

"ஏட்டி."

பங்கஜம் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்தாள்.

"அய்யாதுரை அத்தான்."

"பொம்பளையெல்லாம் கிருஷ்ணகிரின்னு செயலாளர்ட்டச் சொன்னது?"

"நான்தான்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மார்கழி பொறந்தப்பவே. அவுகளே சொன்னாவ."

"எங்கன வச்சு?"

"பனகல் பார்க்குல. டைப் கிளாஸ் முடிஞ்சு. ரெண்டு தடவ."

தினமும் மாலை தங்கபுஷ்பம் பால்கனியில் நின்று அவள் வருவதைப் பார்ப்பாள். ஆறு பத்துக்குத் தெருமுனையில் தலை தெரியும். ஒரு நாளும் பிந்தியதில்லை.

"ஆறு பத்துக்கு டாண்ணு வந்துருவியே."

"கிளாஸ் அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சிரும். ஒங்கிட்ட ஆறுன்னு சொல்லிருந்தேன்."

"எப்பலேருந்து?"

"சேந்த நாள்லேருந்து."

டைப் கிளாஸில் சேர்ந்து ஒன்றரை வருஷம். ஜவஹர் பெண் பார்க்க வந்தது கார்த்திகையில்.

"அப்ப அதுக்கு முந்தி யாரப் பாக்கப் போன?"

"யாரையும் இல்ல. கால் மணி நேரம் சும்மா நடப்பேன். நீ பாக்காத எடத்துல."

மூன்று சீட்டு முன்னால் ஜவஹரின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தூங்குகிறானா, கேட்கிறானா என்று தெரியவில்லை.

"என்ன கோளாறு?"

"நெஞ்சுல ஒரு வால்வு சுருங்கிருக்காம். பத்து வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து அப்படி ஆயிட்டாம். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. ஓட்டம், படியெல்லாம் ஆகாது. பின்னால ஆபரேஷன் செஞ்சா சரியாயிரும்னு டாக்டர் சொல்லிருக்காராம்."

"செய்யாட்டா?"

"அதையும் சொன்னாவ."

"எல்லாத்தையும் சொல்லிட்டான்னு ஒனக்கு என்னட்டி நிச்சயம்? பாதிய முழுங்கியிருந்தா? மலை உச்சியில நின்ன மாதிரி ஊர்க் கத சொல்லிக்கிட்டு நின்னான், நான் பாத்தேன்."

"நான் சொல்லச் சொல்லித்தான் சொன்னாவ. அவுகளுக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துரும்."

"ஒனக்கு வருது."

"ஒன்கூட வளந்தா வேற என்ன வரும்?"

வேம்பு முன்சீட்டில் அசைந்தாள். திரும்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன அக்காளும் தங்கச்சியும் குசுகுசுன்னு?"

"நிச்சயத்துக்கு மாம்பழக் கலரா, அரக்கான்னு சண்டை அத்தை" என்றாள் பங்கஜம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அரக்கே எடுங்க" என்று வேம்பு திரும்பிக்கொண்டாள்.

செங்கல்பட்டு ஏரி வந்தது, போனது.

"அப்பாட்டச் சொல்லத்தான் போறேன்" என்றாள் தங்கபுஷ்பம். "என்னைப் பாரு. நான் ஒரு ஆளா? பதினாலு வருஷமா எங்கனயாவது ஒரு கல்யாண வீட்டுக்கு நான் முன்வாசல் வழியாப் போயிருக்கனா?"

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், எட்டு வயசுலேருந்து."

"பெறகு?"

"ஒங்கிட்ட யாரும் சொல்லல. மறைச்சுக் கட்டுனாவ. எங்கிட்டச் சொல்லியாச்சு. நான் சரின்னுட்டேன். ரெண்டும் ஒண்ணாக்கா?"

தங்கபுஷ்பம் தங்கையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அழவில்லை. கெஞ்சவும் இல்லை. இந்த முகத்தில் எது மெய், எது ஆறு பத்து என்று இனி எப்படிப் பிரிப்பது? வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இது துணி இல்லை.

"நீ சொன்னா அப்பா நிறுத்திருவாவ" என்றாள் பங்கஜம். "அது எனக்குத் தெரியும். நான் மறுபடியும் ஒருத்தன் முன்னால வந்து நிக்க மாட்டேன். அது ஒனக்குத் தெரியணும். இந்தியன் ஒருத்தன அனுப்பிட்ட, இதோட ரெண்டு."

இந்தி படிக்கப் போனவனுக்கு அவர்கள் வீட்டில் அப்படிப் பெயர். வேறு சமயமாக இருந்தால் தங்கபுஷ்பம் சிரித்திருப்பாள்.

கிண்டியில் பஸ் நகரவில்லை. பார்க்குக்குப் போய்த் திரும்பும் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் பலூனும் பீப்பியுமாக இருந்தார்கள். நூர் முஹம்மது ஹாரனை அடித்து அடித்து அலுத்துவிட்டார். ரங்கநாதன் தெரு முனைக்கு வரும்போது மணி ஏழரை.

அப்பா நின்றிருந்தார். மேல்துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். வேம்புவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பிரயாணமெல்லாம் சவுரியமா?"

"ஒரு கொறையும் இல்ல. ஒங்க மூத்தவ என்னை அம்மாவாட்டம் கைபிடிச்சு எறக்குனா" என்றாள் வேம்பு. சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அந்தப் பார்வை கேட்டது. தங்கபுஷ்பத்தின் பார்வையும் அதையேதான் திருப்பிக் கேட்டது.

ஜவஹர் கடைசியாக இறங்கினான். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. அப்பாவுக்கு வணக்கம் சொன்னான். அவர் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்க தம்பி" என்றார். அவன் நடந்தான். வேகமாக இல்லை, மெதுவாகவும் இல்லை. குடையைப் பஸ்ஸில் மறந்துவிட்டிருந்தான். அய்யாதுரை அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

பங்கஜம் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். நாலு கடை தள்ளி, அடைத்திருந்த ஒரு கதவின் முன் நின்று செருப்பில் கல்லெடுப்பதுபோல் குனிந்தாள். நிமிரவில்லை.

அப்பா தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காஞ்சிபுரத்துலேருந்து சாயங்காலம் நெசவுக்காரர் வந்திருந்தாரு. ரெண்டு பட்டு வச்சிட்டுப் போயிருக்காரு. காலையில ஆளு வரும், எடுத்துக்கிட்டதா இல்லையான்னு பதில் சொல்லணும். நீ சொல்லுதபடிதான். என்னம்மா, பங்கஜத்துக்கு எடுத்து வைக்கவா, வேண்டாமா?"